வண்டியைக் கட்டிவிட்டுத் தொழப் போவோம்

 

சென்ற ரமழானில் தராவீஹ் தொழுதுவிட்டு வெளியே வந்த சகோதரர் ஒருவர், தமது வேன் நிறுத்திய இடத்தில் இல்லாததைக் கண்டு திகைத்துப் போனார். ஊர் ஊராகச் சென்று ஜவுளி விற்பவர் அவர். மனைவியின் நகைகளை விற்றும், உறவினர்களிடம் கைமாற்று வாங்கியும் அந்தப் பழைய வேனை வாங்கியிருந்தார். வட்டிக்குப் போகாமல் வாங்கினோம் என்ற நிம்மதி அவருக்கு இருந்தது. வேன் போனபின் கைமாற்றுக் கடன் மட்டும் மிஞ்சியது. காப்பீடு எடுத்திருந்தார், ஆனால் அது மூன்றாம் தரப்புக் காப்பீடு. திருட்டுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது.

அவருடைய மனு நமது அறக்கட்டளைக்கு வந்தது. கடனாளி என்ற வகையில் ஜகாத் நிதியிலிருந்து நம்மால் இயன்றதைச் செய்தோம். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லோர் மனத்திலும் ஒரே கேள்விதான் இருந்தது. சில ஆயிரம் ரூபாய் செலவில் ஒரு கியர் லாக் போட்டிருந்தால் இந்தக் குடும்பம் இன்று மனு எழுதியிருக்குமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, கட்டாமல் விட்டுவிட்டுச் சாட்டுவதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. நாம் எல்லோரும் பலமுறை கேட்ட ஹதீஸ்தான். நமது வாசலில் நிற்கும் வண்டிக்கும் அது பொருந்தும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். குடும்பத்தின் ஹலாலான உழைப்பில் வந்த பொருள் நம் கையில் உள்ள அமானத். அதைக் காப்பதற்கான வழிகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எந்தக் காப்பீடு திருட்டுக்கு உதவும்?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும்தான். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். வண்டி திருடு போனால் பணம் கிடைக்க வேண்டுமானால், சொந்தச் சேதத்தையும் திருட்டையும் உள்ளடக்கிய முழுமையான காப்பீடு இருக்க வேண்டும். அப்போதும் வண்டியை வாங்கிய விலை கிடைக்காது. பாலிசியில் ஐ.டி.வி. என்று குறிப்பிட்டுள்ள மதிப்பே கணக்கில் எடுக்கப்படும். ஆண்டுதோறும் அது குறைந்துகொண்டே வரும்.

சட்டம் கட்டாயப்படுத்தாத காப்பீட்டைப் பேணுதலுக்காகத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முழுமையான காப்பீடு வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு, வண்டியில் மாட்டும் பூட்டைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. காப்பீட்டுக்குச் செலவிடாத பணத்தில் ஒரு பகுதியையாவது பூட்டுக்குச் செலவிட வேண்டும். காப்பீடும் எடுக்காமல் பூட்டும் போடாமல் இருப்பது பேணுதலும் ஆகாது, தவக்குலும் ஆகாது.

முழுமையான காப்பீடு எடுத்தவர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றவர்களின் கோரிக்கை மறுக்கப்படுவதும், தொகை குறைக்கப்படுவதும் நடக்கிறது.

திருடனுக்கு வேண்டியது நேரம்

எந்தப் பூட்டையும் உடைக்க முடியும். எவ்வளவு நேரத்தில் என்பதே கேள்வி. தெருவில் நின்று பத்து நிமிடம் வேலை செய்ய எந்தத் திருடனும் விரும்ப மாட்டான். ஒரு வண்டியில் இரண்டு மூன்று தடைகள் இருந்தால், தடையில்லாத அடுத்த வண்டியைத் தேடிப் போவான். ஆகவே ஒரே ஒரு விலை உயர்ந்த கருவியை நம்புவதைவிட, எளிய பாதுகாப்புகள் இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பதே நல்லது.

கியர் லாக்: கியர் கம்பிக்குப் பக்கத்தில் வண்டியின் உடலோடு போல்ட் வைத்து இறுக்கப்படும் இரும்புப் பூட்டு இது. ரிவர்ஸ் கியரில் போட்டுப் பூட்டிவிட்டால், எஞ்சினை எப்படியோ இயக்கியவனும் முன்னோக்கி ஓட்ட முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘பி’ நிலையில் பூட்டுவார்கள். பழைய வண்டிகளுக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு இதுதான்.

ஸ்டீயரிங் லாக்: ஸ்டீயரிங்கின் குறுக்கே மாட்டும் இரும்புத் தடி. ஸ்டீயரிங் வளையத்தையே அறுத்து இதைக் கழற்றிவிட முடியும். ஆனாலும் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவனுக்கு இது உடனே தெரியும். அதுவே பாதிப் பயன்.

இம்மொபிலைசர்: சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிறிய சிப் ஒன்று இருக்கும். அதன் ரகசிய எண்ணை வண்டியின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் எஞ்சின் இயங்கும். வெறும் டூப்ளிகேட் சாவி செய்தால் கதவு திறக்கலாம், வண்டி கிளம்பாது. பழைய வண்டிகள் பலவற்றில் இது கிடையாது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தாலும் ஒரு பலவீனம் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. என்ற இணைப்புத் துளை இருக்கும். மெக்கானிக் பழுது பார்க்க வைத்திருக்கும் அந்தத் துளை வழியாகவே திருடன் புதிய சாவியைப் பதிவு செய்ய முடியும். அந்தத் துளையை மூடிப் பூட்டும் சிறு பூட்டுகள் கிடைக்கின்றன.

மறைவு ஸ்விட்ச்: பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றை, நீங்கள் மட்டும் அறிந்த இடத்தில் வைக்கலாம். தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். வாரண்டி உள்ள புது வண்டியில் வயரை வெட்டினால் வாரண்டி போய்விடக்கூடும். கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஜி.பி.எஸ். டிராக்கர்: வண்டி எங்கே நிற்கிறது என்பதை செல்போனில் காட்டும். இது திருட்டைத் தடுக்காது, தேடலுக்குத்தான் உதவும். உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டால் கருவி இருந்தும் பயனில்லை. டேஷ்போர்டில் கண்ணுக்குத் தெரியும்படி வைக்காதீர்கள்.

இந்திய வாகன ஆய்வுக் கழகமான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியை முறைப்படி பொருத்திச் சான்று பெற்றால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. சிறிய தொகைதான், கேட்டுப் பெறுங்கள்.

சாவியைக் காப்பதே பாதி வேலை

நம் வீடுகளில் சாவி மாட்டும் ஆணி பெரும்பாலும் வாசல் கதவுக்கு அருகில்தான் இருக்கும். ஜன்னல் வழியே குச்சியை விட்டு எடுத்துவிடலாம். புதிய வண்டிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பையில் சாவி இருந்தாலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டிகள் இன்று அதிகம். இவற்றைத் திருட இருவர் வருவார்கள். ஒருவன் வீட்டுச் சுவரோரம் கருவியுடன் நின்று, உள்ளே இருக்கும் சாவியின் அலையைப் பிடித்து அனுப்புவான். மற்றவன் வண்டியருகே இன்னொரு கருவியுடன் நிற்பான். சாவி பக்கத்தில் இருப்பதாக எண்ணி வண்டி திறந்துகொள்ளும். கண்ணாடி உடையாது, சத்தமும் வராது.

இதற்கு மருந்து எளிது. சாவியை வாசலிலிருந்து தள்ளி, மூடி இறுக்கமான உலோக டப்பாவில் வையுங்கள். டப்பாவை மூடியபடி வண்டிக்கு அருகே கொண்டுபோய்க் கதவைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் டப்பா நல்ல டப்பா. இதற்கென்றே உலோக இழை வைத்த சிறு பைகளும் கடையில் கிடைக்கின்றன.

ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்த அலையைத் தடுக்கும் கருவியைத் திருடன் அருகில் வைத்திருந்தால் கதவு பூட்டாது. ஒவ்வொரு முறையும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நிக்காஹ் மண்டபத்தில் வண்டி நிறுத்தித் தருபவரிடம் கொடுக்கும்போது, வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுங்கள். வீட்டுச் சாவியும் சேர்ந்த கொத்தைக் கொடுக்காதீர்கள். அசல் ஆர்.சி.யை வண்டிக்குள் வைக்கவும் வேண்டாம். டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் உள்ள ஆவணங்கள் சட்டப்படி செல்லும்.

வளைகுடாவில் இருப்பவர்களின் வண்டி

வீட்டுத் தலைவர் துபாயிலோ ரியாத்திலோ இருக்க, கார் மாதக்கணக்கில் உறை போட்டு வாசலில் நிற்கும் காட்சி நம் தெருக்களில் சாதாரணம். உறை வெயிலைத் தடுக்கும்; உள்ளே நடக்கும் வேலையையும் மறைத்துவிடும். அடிக்கடி யாரும் தொடாத வண்டி என்பதைத் திருடன் தூசியைப் பார்த்தே புரிந்துகொள்வான். ஊருக்குத் திரும்பும்போது கியர் லாக்கோடு சக்கரத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட்டுச் செல்லுங்கள். வாரம் ஒருமுறை வண்டியை இயக்கிச் சிறிது தூரம் ஓட்டிவர நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பேட்டரி இறங்கிப்போனால் அலாரமும் வேலை செய்யாது, டிராக்கரும் நின்றுவிடும். ஆர்.சி. நகல், பாலிசி எண், சேஸிஸ் எண், இரண்டாவது சாவி இருக்கும் இடம் ஆகியவற்றை வீட்டிலுள்ள பெண்களுக்கும் தெரியப்படுத்துங்கள். திருடு போன இரவில் அவர்கள்தான் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய வண்டி வாங்கும்போது

இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றொன்று யாரிடம் இருக்கிறது என்று யோசியுங்கள். சிப் உள்ள சாவியானால், பழைய சாவிகளின் பதிவை சர்வீஸ் சென்டரில் நீக்கச் சொல்லலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகளில், ஹாலோகிராமும் லேசரில் பொறித்த எண்ணும் கொண்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்க வேண்டும். சாதாரண பிளேட் மாட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். விலை மலிவு என்பதற்காகத் திருட்டுப் பொருளை வாங்கிவிடுவது நமக்கு ஹராமும் ஆகும், வழக்கும் ஆகும்.

திருடு போய்விட்டால்

போக்குவரத்துப் போலீசார் இழுத்துச் சென்றிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் உடனே 112 அல்லது 100ஐ அழையுங்கள். வண்டி எண், நிறம், அடையாளங்களைச் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். அது இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். வெளியூரில் திருடு போனவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். காவல்துறையில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனாலும் நாமாகத் தாமதிக்க வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். பிறகு இரண்டு அசல் சாவிகளையும், வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறையின் சான்றையும் நிறுவனம் கேட்கும்.

ஃபாஸ்டேக்கை அவசரப்பட்டு முடக்கிவிடாதீர்கள். வண்டி சுங்கச்சாவடியைக் கடந்தால் உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அதைக் காவல்துறைக்குக் காட்டி, அவர்கள் சொல்லும்போது முடக்குங்கள். டிராக்கர் இடத்தைக் காட்டினாலும் நீங்களாகத் துரத்திப் போகாதீர்கள். பொருளைவிட உயிர் பெரிது. யாரையாவது சந்தேகப்பட்டுப் பிடித்தாலும் கை வைக்காமல் காவல்துறையிடம் ஒப்படையுங்கள்.

மஹல்லாவாகச் செய்யக்கூடியது

பள்ளிவாசல் தெருவில் வண்டிகள் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் ஆளில்லாமல் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். தராவீஹ் நேரத்தில் இளைஞர்கள் இருவர் இருவராக முறை வைத்துக் காவல் நிற்கலாம். ஜும்ஆ நேரத்துக்கு, அக்கம்பக்கத்தில் உள்ள சகோதர சமுதாய நண்பர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தலாம். தெருமுனையில் ஒரு விளக்கும், வண்டிகள் நிற்கும் பக்கம் பார்க்கும் கேமராவும் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றை ஜமாஅத் நிர்வாகிகளின் கவனத்துக்கு வேண்டுகோளாக வைக்கிறோம்.

அந்த ஜவுளிச் சகோதரர் இப்போது வாடகை வேனில் வியாபாரம் செய்கிறார். கிடைப்பதில் ஒரு பங்கு வாடகைக்கும், ஒரு பங்கு கடனுக்கும் போகிறது. அவருடைய வேன் கிடைக்க துஆச் செய்யுங்கள். அப்படியே இன்று இரவு படுக்கப் போகுமுன் உங்கள் வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பொருளையும், அதை நம்பி வாழும் குடும்பங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.