பஞ்சாங்கமும் மாதக் கணக்கும்

ஆயுத பூஜை, விஜயதசமி, தீபாவளி என விடுமுறைகள் அடுத்தடுத்து வரும் நாட்களில் புதிய கார்கள் மிகுதியாக விற்பதற்கு ஓய்வு மட்டுமே காரணம் அன்று; குடும்பத்தின் பஞ்சாங்கமும் நிறுவனத்தின் மாதக் கணக்கும் அப்போது ஒன்றுகூடுகின்றன. சென்னையிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குத் திரும்புவதும், பெரியவர்கள் உடனிருக்க வண்டியைச் சங்கரநாராயணர் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சார்த்தி, சக்கரங்களின் அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்க ஓட்டிச் செல்வதும் விடுமுறையில்தான் கூடிவரும். தீபாவளியை ஒட்டிக் கைக்கு வரும் போனஸ் முன்பணத்துக்கு உதவுகிறது.

ஆனால் கூட்டம் சேர்வது மட்டும் போதாது; நாளும் நல்லதாக இருக்க வேண்டும். ஊரின் பெருவிழாவான ஆடித்தபசுக்குப் பல்லாயிரவர் திரண்டாலும், ஆடிப்பெருக்கு நீங்கலாக ஆடி மாதத்தில் வண்டி எடுக்கப் பலரும் தயங்குகின்றனர்.

மறுபுறம், டீலர்கள் பெரும்பாலும் வங்கிக் கடன் பெற்றே நிறுவனத்திடம் கார்களை வாங்கி நிறுத்துவதால், விற்காத ஒவ்வொரு காருக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. நிறுவனம் வகுக்கும் மாத இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதால், இலக்குக்குச் சில வண்டிகளே குறையும் மாதக் கடைசியில் அவர்கள் விலையில் இறங்கி வருவார்கள். பண்டிகையை எதிர்பார்த்து நிரப்பிய கிடங்கு காலியாகாவிட்டால், பண்டிகை கழிந்த பிறகே பேரம் பேச நல்ல வாய்ப்பு அமைகிறது என்பதை வாங்குவோர் பலர் கவனிப்பதில்லை.

பண்டிகையோடு வரி மாற்றமும் சேர்ந்ததுண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று நவராத்திரி தொடங்கியபோது, நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசி வரையிலான எஞ்சினும் கொண்ட சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் விதிக்கப்பட்டிருந்த செஸ் எனும் கூடுதல் தீர்வையும் நீங்கியது. ஆகஸ்டு 15 அன்றே வரிச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டதால், வாங்குவதைத் தள்ளிப்போட்டிருந்தவர்கள் பலர் செப்டம்பர் 22 அன்று ஷோரூம்களில் திரண்டனர். அந்த விற்பனையைப் பண்டிகையின் பலனாக மட்டும் கணக்கிடுவது பிழை.

விடுமுறையில் வங்கியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் மூடியிருக்கும். பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. எனவே விஜயதசமியன்று கோயில் வாசலில் நிற்கும், சங்கரன்கோவிலுக்குரிய டிஎன் 79 பதிவெண் கொண்ட காருக்குரிய கடன், காப்பீடு, பதிவு ஆகிய அனைத்தும் அதற்கு முந்தைய வேலை நாட்களிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இரு கணக்குகளும் நேரெதிராக மோதுவது மார்கழியில். ஆண்டிறுதித் தள்ளுபடி டிசம்பரில் உச்சத்தை எட்டும்போது நல்ல நாள் இல்லாததால், அப்போது முன்பணம் கட்டி, தை பிறந்ததும் வண்டி எடுப்போர் உண்டு. அவ்வாறு ஜனவரியில் பதிவாகும் கார், உற்பத்தி ஆண்டாக முந்தைய ஆண்டையே பதிவுச் சான்றிதழில் தாங்கி நிற்கும். பழைய கார் வாங்குவோர் அந்த ஆண்டையும் பார்த்தே விலை பேசுவர் என்பதால், கிடைக்கும் தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுமா என்பதை முன்பணம் கட்டும்போதே கணக்கிட வேண்டியிருக்கிறது.