கணிப்பொறியில் கன்னமிடும் இளைஞர்

கன்னக்கோல் கொண்டு சுவரைத் துளைத்துத் திருடிய காலம் மலையேறிவிட்டது. இருந்த இடத்தை விட்டு எழாமலே கடல் கடந்த நாட்டின் கணிப்பொறிக்குள் நுழைந்து வருவோர் இன்று உளர். அவர்களை 'ஹேக்கர்கள்' என்று உலகம் அழைக்கிறது. அவர்களுள் சிலர் வழக்குமன்றத்தில் நிற்கும்போது 'ஆட்டிசம்' என்னும் சொல்லும் உடன் வந்து நிற்கிறது. உடனே, 'ஆட்டிசம் உள்ளவன், ஆகவே மேதை. மேதை, ஆகவே ஹேக்கர்' என்று சங்கிலி கோத்துவிடுகிறார்கள். இந்தச் சங்கிலி எத்துணை உறுதியானது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற வழக்கைக் காண்போம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1966இல் பிறந்தவர் கேரி மெக்கின்னன். 2001 பிப்ரவரி முதல் 2002 மார்ச் வரை, லண்டனில் இருந்தபடியே அமெரிக்கப் படைத்துறைக்கும் நாசாவுக்கும் உரிய 97 கணிப்பொறிகளுக்குள் புகுந்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். வாஷிங்டன் படைத்துறை வட்டாரத்தில் 2,000 கணிப்பொறிகள் 24 மணிநேரம் முடங்கிப்போயின என்றது அமெரிக்கா. தாம் சேதம் விளைவிக்கவில்லை என்றார் அவர். பணம் எதையும் அவர் நாடவில்லை. வேற்றுலகப் பறக்கும் தட்டுகளைப் பற்றிய உண்மையை அமெரிக்கா மறைத்து வைத்திருக்கிறது என்று உறுதியாக நம்பி, அந்தச் சான்றைத் தேடிப் போனவர் அவர்! போன வழியோ இன்னும் வியப்பானது. கடவுச்சொல்லே வைக்காமல் விடப்பட்ட இயந்திரங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிறிய நிரல் ஒன்றை வைத்திருந்ததாக அவரே பின்னர் பேட்டிகளில் கூறினார். உலகின் மிகப்பெரிய படையின் வீட்டில் கொல்லைக் கதவு தாழிடப்படாமல் கிடந்தது என்று பொருள்.

2002இல் காவல்துறை அவரைப் பிடித்தது. அமெரிக்காவுக்கு அனுப்பினால் 70 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம் என்ற அச்சம் அவர் தலைமேல் தொங்கியது. அவருக்கு ஆஸ்பெர்ஜர் வகை ஆட்டிசம் உண்டென்று மருத்துவர்கள் கண்டறிந்தது 2008இல். அப்போது அவருக்கு வயது 42! தொலைக்காட்சியில் அவர் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு ஐயம் எழுந்த பிறகே பரிசோதனை நடந்தது. அவருடைய தாய் ஜானிஸ் ஷார்ப் ஆண்டுக்கணக்கில் போராடினார். அனுப்பினால் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் மிகுதி என்று கருதி, பிரிட்டனின் உள்துறை அமைச்சர் தெரசா மே 2012 அக்டோபர் 16 அன்று நாடுகடத்தலைத் தடுத்தார். என்னை உறுத்துவது ஒன்றே. நாற்பது ஆண்டுக் காலம் பள்ளியிலும் வேலையிலும் அவரைப் பார்த்த ஒருவருக்கும் தோன்றாதது, வழக்கு வந்த பிறகு எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

ஆட்டிசம் என்பது நோயன்று. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கினார். பிறர் முகக்குறிப்பை அறிவதிலும் பேச்சின் உட்பொருளைப் பிடிப்பதிலும் இவர்கட்கு இடர்ப்பாடு உண்டு. பழகிய ஒழுங்கு மாறினால் கலங்குவர். ஒரே பொருளில் ஆழ்ந்து கிடப்பர். 2021இல் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இவ்வாறிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் அரசு ஆவணங்களில் இவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதும் வழக்கம் உண்டு. இந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. மீமிசல் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளைக்கா புற உலகச் சிந்தனை இல்லை?

ஆட்டிசம் உள்ளோர் அனைவரும் மேதைகள் என்பதும் பொய். 1978இல் பெர்னார்டு ரிம்லாண்டு வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கே அபூர்வத் திறமை காணப்பட்டது. ஆனால் நுணுக்கத்தைக் காணும் கண் பலருக்கு உண்டு. ஒரு படத்துக்குள் மறைந்திருக்கும் சிறு உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிறந்து விளங்கியதை 1983இல் அமிதா ஷா, உத்தா ஃப்ரித் என்னும் இருவர் காட்டினர். நம் ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். ஆவுடையார்கோவில் கொடுங்கை போல மட்டும் செய்யக் கேட்காதீர்கள் என்று அந்நாளைய சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்களாம். நாமெல்லாம் அண்ணாந்து பார்த்து 'ஆகா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கல்லில் செதுக்கிய மரச்சட்டங்களையும் ஆணிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்பவன் வேறு வகை. பத்தாயிரம் வரி நிரலில் பிசகிய ஒரு வரி அவன் கண்ணில்தான் படும்.

இதனோடு தனிமையும் சேர்கிறது. கணிப்பொறி முகம் சுளிக்காது, கிண்டல் பேசாது, ஒரே கட்டளைக்கு ஒரே விடை தரும். திரைக்கு அப்பாலுள்ள நண்பர்களோ கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்வதில்லை. அவன் திறமையை முதன்முதலில் பாராட்டுவோரும் அவர்களே. அந்தப் பாராட்டுத்தான் தூண்டில்.

தூண்டில் போடுவோர் அயல்நாட்டில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. என் சித்தி மகனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவமனையில் எழுதிக்கொடுத்தது அவனுடைய 13ஆம் வயதில்தான்; அதுவரை ஊரில் அவனுக்கு வேறு பெயர்கள். செல்போனைத் திறப்பவரின் விரல் அசைவை ஒருமுறை பார்த்தால் போதும், அந்தக் கோலத்தை அப்படியே போட்டுக்காட்டுவான். இதைக் கண்டுகொண்ட ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர், அவனுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, பூட்டிய போன்களைத் திறக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் போன்கள் யாருடையவை என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் ஏரியன் குர்தாஜ் கதையும் ஏறத்தாழ இத்தகையதே, அளவுதான் பெரிது. 'லாப்சஸ்' என்னும் இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்த இவர், பிணையில் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டு, மடிக்கணினியும் பறிக்கப்பட்டிருந்த நிலையில், தொலைக்காட்சியில் செருகும் அமேசான் ஃபயர் ஸ்டிக், அறையிலிருந்த தொலைக்காட்சி, ஒரு செல்போன் இவற்றைக் கொண்டே ராக்ஸ்டார் நிறுவனத்தின் வெளிவராத விளையாட்டைக் கைப்பற்றினார். கடும் ஆட்டிசம் உள்ள அவரை 2023 டிசம்பரில், 18ஆம் வயதில், கால வரம்பின்றி மருத்துவமனையில் வைக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

அப்படியானால் ஆட்டிசம்தான் குற்றத்துக்குக் காரணமா? பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 290 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. ஆட்டிசம் போன்ற இயல்புகள் மிகுந்தவர்களிடம் கணிப்பொறிக் குற்றத்துக்கான வாய்ப்பு கூடியிருந்தது. அதற்கு இடையில் நின்றது அவர்களது உயர்ந்த கணினித் திறன். ஆனால் ஆட்டிசம் என்று முறையாகக் கண்டறியப்பட்டவர்களிடம் அந்த வாய்ப்பு குறைந்திருந்தது! இது ஒரே ஓர் ஆய்வுதான். எனினும், இயல்பு தெரிந்து வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு எல்லை எது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன்.

அந்த எல்லையை நம் நாட்டுச் சட்டம் 'அனுமதி' என்ற ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவின்படி, உரியவர் அனுமதியின்றிக் கணிப்பொறியில் நுழைந்தாலே இழப்பீடு தரவேண்டும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'ஆர்வத்தால் செய்தேன்' என்பது 43ஆம் பிரிவிடம் செல்லாது.

அனுமதியோடு அதே வேலையைச் செய்தால் பரிசு. தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவை இங்கே குறிப்பிடுவது ஆட்டிசத்துக்காக அன்று, நேர்வழி உண்டென்று காட்டவே. இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மறந்தவருக்கு வரும் ஆறிலக்க எண்ணுக்குப் பத்து லட்சம் சாத்தியங்கள். ஆயுள் பத்து நிமிடம். ஒரே இடத்திலிருந்து முயன்றால் தடுக்கும் அமைப்பு, பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்றபோது தடுக்கத் தவறியதை அவர் கண்டார். வெளியே விற்காமல் நிறுவனத்திடமே சொன்னார். 2019இல் 30,000 டாலர் பெற்றார். பெங்களூரில் எஸ்.ஏ.பி. நிறுவனமோ 2011 முதலே ஆட்டிசம் உள்ளோரை மென்பொருள் பிழை காணும் பணியில் அமர்த்தியது.

1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இச்சட்டப்படி 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு, சான்றிதழ் வேண்டும். நம் வகுப்பிலும் பேசாமல் கடைசி வரிசையில் இருக்கும் ஒருவர், அப்படி ஒன்று இருப்பது தெரியாமலே இருக்கலாம்.

சித்தி மகனிடம் 'அது தப்பு' என்று சொன்னபோது 'ஏன் தப்பு?' என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சித்தி அதை விதியாக மாற்றிச் சொன்னார்: போன் வாங்கிய ரசீதும், போனுக்கு உரியவரும் எதிரில் இருக்கவேண்டும். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் ரசீதைத்தான் கேட்கிறான். அந்தக் கடைக்கு வருவோர் குறைந்துவிட்டார்களாம். கடைக்காரர் இப்போது எங்கள் சித்தியிடம் பேசுவதில்லை.