பழைய மோட்டார் வண்டியைப் பேணும் முறை

மனிதன் தான் செய்துகொண்ட கருவிகளை எவ்வளவு பேணுகின்றானோ, அவ்வளவே அவை அவனுக்குப் பயன்படும். இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றதினும் எம்மிடமுள்ள பழைய மோட்டார் வண்டியினிடம் கற்றதே மிகுதி. அதனை ஈண்டு எடுத்துரைப்பது, மாணவ நண்பர்கட்கும், வருவாயின் அளவறிந்து வாழும் ஏனையோர்க்கும் பயன்படும் என நம்புகின்றோம்.

எம் வண்டி 'மாருதி 800' என்னும் வகையினது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், அந்நாளிற் பிரதமராயிருந்த இந்திரா காந்தி அம்மையார், இவ்வகையின் முதல் வண்டிக்குரிய சாவியை அதனை வாங்கியவர் கையிற் கொடுத்தார். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் இதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் 25 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. செல்வர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கார், ஆசிரியர் வீட்டு வாயிலிலும் குமாஸ்தா வீட்டு வாயிலிலும் நிற்கத் தொடங்கியது இதனாலேயாம்.

இதன் எஞ்சின் சிறிது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. எம் வண்டியைப் போன்ற முற்பட்டவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்பரேட்டரே. உறுப்புக்கள் சில, ஆகலின் பழுதுபடுவனவும் சில. பழகிய மெக்கானிக் ஒருவர் ஓசையைக் கேட்டே நோயைக் கூறிவிடுவார்.

நிற்க. பேணுதற்குரியவற்றுள் முதலாவது எண்ணெய். அது உராய்வைக் குறைப்பதோடு, வெப்பத்தையும் அழுக்கையும் ஏந்திச் செல்கின்றது. வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சின் ஓய்ந்தபின், அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் இட்டுப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் இரு குறிகட்கும் இடையே நிற்பின் கவலையில்லை. வண்டி ஓடாது நின்றாலும் எண்ணெய் கெடும். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுக.

இரண்டாவது, வெப்பத்தைத் தணிக்கும் நீர். இதில் எம் கவனக்குறைவை ஒளியாது கூறுவோம். ரேடியேட்டருக்குச் செல்லும் இரப்பர்க் குழாயில் மயிரிழை போன்றதொரு வெடிப்பைக் கண்டும், 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்' என்று வாளாவிருந்தோம். சித்திரை வெயிலில் நெடுவழி சென்றபோது அக்குழாய் பிளந்தது. வெப்பமானியின் முள் ஏறுவதைக் கண்ட பின்னும், அண்மையிலுள்ள ஊரை அடைந்துவிடலாம் என்று சிறிது தூரம் ஓட்டினோம். எஞ்சினின் மேற்பாகம் வெப்பத்தாற் கோணி, அதன்கீழுள்ள கேஸ்கட் எரிந்தது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல்லாயிரமாயிற்று. முள் ஏறியவுடன் நிறுத்தியிருப்பின் இவ்விழப்பு நேர்ந்திராது. அன்றியும், கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறத்தல் பெருந்தவறு. அழுத்தத்துடன் அடைபட்ட கொதிநீர் முகத்திற் பாயும். ஆறும்வரை காத்திருத்தலே அறிவுடைமை.

மூன்றாவது இரப்பர். பழைய வண்டிக்கு இரும்பினும் இரப்பரே முன்னர் மூப்படைகின்றது. முன்சக்கரங்கட்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டுகளின் மூட்டுக்களை இரப்பர் உறைகள் மூடியுள்ளன. உறை கிழியின் கிரீஸ் வெளியேறிப் புழுதி உட்புகும். திரும்புங்கால் 'டக் டக்' என்னும் ஓசை எழும். ஓசை எழுமுன் உறையை மாற்றினால் மூட்டுத் தப்பும். பெட்ரோற் குழாய்களும் அத்தகையனவே. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்து நாடெங்கும் பரவியுள்ளது. பழைய வண்டிகளின் இரப்பர் இக்கலவைக்கென அமைந்ததன்று. எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பது. எனவே குழாய்களை அடிக்கடி நோக்குதலும், பெட்ரோலை நெடுநாள் தேங்கவிடாமையும் இன்றியமையாதன. கசியும் பெட்ரோல் தீக்கு அழைப்பாகும்.

பிரேக்கிற்குரிய திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகின் அதன் கொதிநிலை தாழும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியாயின், மிதித்தாலும் பிரேக் பிடியாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் உயிர்க்காப்பாம்.

இனி, இவ்வண்டியின் குறையையும் மறைத்தலாகாது. மோதுங்கால் உயிர் காக்கும் காற்றுப்பைகள் இதில் இல்லை, உடலும் இலேசானது. ஆகலின் யாம் இதனை நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டுவதை விடுத்தோம். இரவுப் பயணமும் தவிர்த்தோம். கல்லூரிக்கும் கடைத்தெருவிற்கும் மருத்துவமனைக்கும் இது போதும். வார்ப்பட்டையை அணியாது ஒருவரையும் ஏற்றுவதில்லை. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு, தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பித்தல் சட்டம். அதன்பின் ஐந்தாண்டுக்கொருமுறை அவ்வாறே செய்தல் வேண்டும். இதனைச் சுமையென எண்ணற்க. சாலையிற் செல்லும் பிறர் உயிர்க்கும் யாம் பொறுப்பாளிகளல்லமோ?

நண்பர்காள்! சிறு குறிப்பேடு ஒன்றை வண்டியிலேயே வைத்து, எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தொலைவு, செய்த செலவு ஆகியவற்றை எழுதி வருக. பழுதுச்செலவு பயனை விஞ்சும் நாள் வரின், அவ்வேடே விடைகொடுக்கும் காலத்தை உணர்த்தும். அந்நாள்வரை, இன்று காணும் சிறு வெடிப்பை நாளைக்கென ஒத்திவையாதீர். பழைய வண்டியைப் பேணும் கலை முழுதும் இதனுள் அடங்கும்.