அப்பாவோட விண்டோஸ் 10: மாத்தணுமா, அப்படியே விடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்பினவங்க சென்னையில எம்.எஸ்சி. படிக்கிறாங்க. அப்பா முப்பது வருஷம் அச்சகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டு ஹால்ல 2016-ல வாங்கின ஒரு டெஸ்க்டாப். அதுல பேஜ்மேக்கர் திறந்து சொந்தக்காரங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணிக் கொடுப்பார். கரண்ட் பில், பேங்க் எஃப்.டி. எல்லாமும் அதே மெஷின்லதான். "இது அவுட்டேட்டட் ஆயிடுச்சு, புதுசு வாங்குங்க, 42 ஆயிரம் ஆகும்"னு கடையில சொல்லிட்டாங்களாம். கையில இருக்கிறது அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச காசு. "அண்ணா, நிஜமாவே மாத்தியே ஆகணுமா?"

அவுட்டேட்டட்ங்கிற அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பிரச்சினை இருக்கு. ஒண்ணு, மெஷின் ஸ்லோ. இன்னொண்ணு, மெஷின் பாதுகாப்பு இல்ல. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துச் சொன்னா புதுசு விக்கிறது ஈஸி.

ஸ்லோ விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் ரெடியாகலன்னு சொன்னீங்க. அது பெரும்பாலும் உள்ள சுத்திக்கிட்டிருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கோட வேலை. எஸ்.எஸ்.டி. போட்டா வித்தியாசம் அன்னிக்கே தெரியும், செலவும் புது கம்ப்யூட்டர் விலையில ஒரு சின்னப் பகுதிதான். வெறும் விண்டோஸை மாத்தினா இது சரியாகாது.

பாதுகாப்பு விஷயம் நிஜமான பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. மறுநாள் காலையில கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஆன் ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டாங்க. ஆகும். ஆபத்து வர்ற வழி வேற. விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் உள்ளே இருக்கிற கோடு நிறைய பொது. 11-ல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சா, அந்த அப்டேட்டைப் பிரிச்சுப் பார்க்கிறவனுக்கு ஓட்டை எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும். அதே ஓட்டை 10-ல அடைக்காம அப்படியே இருக்கும். வீட்டைப் பூட்டிட்டு, சாவி எந்தத் தொட்டிக்கு அடியில இருக்குன்னு தெருவுல சொன்ன மாதிரி.

2017 மே மாசம் வானாக்ரை வந்தது ஞாபகம் இருக்கா? அதைத் தடுக்கிற அப்டேட் மார்ச்லயே வந்துடுச்சு. போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிச்சு. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு.

அப்போ என்ன பண்ணலாம்? முதல்ல செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள அபௌட் போய் பிராசஸர் பேரைப் பாருங்க. இன்டெல் ஐ5-க்குப் பின்னாடி 8400, 10400 மாதிரி 8000-க்கு மேல நம்பர் இருந்தா பெரும்பாலும் விண்டோஸ் 11 இலவசமாவே கிடைக்கும். 8 ஜி.பி. ரேமும் இருந்தா யோசிக்காம மாறிடுங்க. டிபிஎம் இல்லன்னு எரர் வந்தா பயப்படாதீங்க, பல மெஷின்ல அது பயாஸ்ல ஆஃப் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

உங்க அப்பாவோடது ஐ5-6500. ஆறாவது தலைமுறை. விண்டோஸ் 11 வாங்கிக்காது. குறுக்கு வழியில போட யூட்யூப்ல நூறு வீடியோ இருக்கு. ஆனா அப்படிப் போட்டா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. அப்டேட்டுக்காகத்தானே மாறுறோம்? உங்க சொந்த லேப்டாப்னா விளையாடுங்க. அப்பா எஃப்.டி. பார்க்கிற மெஷின்ல வேண்டாம்.

உங்களுக்கு இருக்கிற வழி, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம். வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் உண்டு. செட்டிங்ஸ் விவரங்களை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேமிக்க ஒத்துக்கிட்டா காசு இல்ல. வேண்டாம்னா 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கான லிங்க் இருக்கும், 22எச்2 பதிப்பா மட்டும் பார்த்துக்கோங்க. சேர்ந்துட்டு ஃபீஸைக் கட்டிடுங்க.

இப்போ பேஜ்மேக்கர். அதோட கடைசிப் பதிப்பு 7.0 வந்ததே 2001-ல. அப்பா வெச்சிருக்கிற தமிழ் ஃபான்ட்டும் யூனிகோடுக்கு முந்தினதாத்தான் இருக்கும், அதாவது இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் எழுத்தை வரைஞ்சு வெச்சது. இதுல நான் பட்ட அடி ஒண்ணு உண்டு. என் மாமா கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி டாக்குமெண்ட்ஸ் எல்லாம் காப்பி எடுத்தேன், ஃபான்ட்ஸ் ஃபோல்டரை விட்டுட்டேன். ஃபைல் அத்தனையும் பத்திரமா இருந்துச்சு. திறந்தா, மணமகன் பேர் இருக்க வேண்டிய இடத்துல புரியாத இங்கிலீஷ் எழுத்து. மாமா ஒரு வார்த்தை திட்டல, அதான் கஷ்டமா இருந்துச்சு.

அதனால எஸ்.எஸ்.டி. போடும்போது புதுசா இன்ஸ்டால் பண்ணாதீங்க, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணச் சொல்லுங்க. ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியா ஒரு காப்பி எடுத்து வைங்க. லினக்ஸ் மின்ட் போடலாமேன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். பிரவுசர் மட்டும் போதும்னு இருக்கிறவங்களுக்கு அருமையான யோசனை. முப்பது வருஷம் கை பழகின ஒருத்தரோட பேஜ்மேக்கரைப் பிடுங்கிட்டு அதைக் கொடுக்க எனக்கு மனசு வரல.

2026 அக்டோபருக்கு அப்புறம் வேலையைப் பிரிச்சிடுங்க. பேங்க் வேலை எல்லாம் அப்டேட் வந்துட்டிருக்கிற ஒரு போனுக்கு. டெஸ்க்டாப்ல நெட் கேபிளைக் கழட்டிட்டா அது பத்திரிகை டிசைன் பண்ற மெஷின் மட்டும்தான். ஒரே பாக்கி, பென் டிரைவ். சொந்தக்காரங்க போட்டோ போட்டுக் கொண்டு வர்றதைச் செருகினா வைரஸுக்கு அந்த வழி திறந்தே இருக்கும். போட்டோவை முதல்ல உங்க லேப்டாப்ல ஸ்கேன் பண்ணிட்டு, அப்பாவுக்குன்னே வெச்ச ஒரு பென் டிரைவ்ல மாத்திக் கொடுங்க.

அப்புறம் அவர்கிட்ட ஒண்ணு கேட்டு மெசேஜ் பண்ணுங்க: அந்த பேஜ்மேக்கர் சி.டி. இன்னும் பீரோவுல இருக்கா?