கெண்டைக்காலும் தையற்காரத் தசையும்

முழங்காலுக்குக் கீழே பின்புறமாகத் திரண்டிருக்கும் சதையைக் கெண்டைக்கால் என்கின்றோம். கெண்டை மீன்போல நடுவிற் பருத்து நுனியிற் சிறுத்திருப்பதை நம் முன்னோர் கண்டனர் போலும். அச்சதையின் உட்புறத்தே அமைந்த தசைக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'சோலியஸ்'. அப்பெயருக்கு மூலமான இலத்தீன் சொல் செருப்பையும் குறிக்கும். தட்டையான மீனொன்றையும் குறிக்கும். இரு மொழியாரும் ஒரே காலில் மீனைக் கண்டது வேடிக்கையன்றோ!

வைத்திய மாணவரும் தாதிப் பயிற்சி பெறுவோரும் இடுப்பு, கால் தசைகளின் பெயர்வரிசையைக் கண்டு மலைப்பது வழக்கம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் போதிக்க முற்பட்டு, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலையும் வெளியிட்டார். தாய்மொழியிற் படித்தால் பாதிச் சுமை குறையும். ஆயினும், எம்மொழியிலாயினும் நெட்டுருப் பண்ணிய பெயர் பரீட்சையோடு பறந்துவிடும். தம் உடம்பிலேயே கைவைத்துக் கற்றது பறவாது.

எழுந்து நின்று, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, இருபக்கமும் கைகளை வைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். ஊன்றி நிற்கும் காலின் பக்கத்தில் ஏதோ இறுகுவது தெரியும். அதுவே இடைப்பிட்டத் தசை. தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியாதபடி அது இழுத்துப் பிடிக்கின்றது. அது தளர்ந்தவர், அடிக்கு அடி மறுபக்கம் இடுப்புச் சரிய, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். ஜெர்மானியச் சத்திர வைத்தியர் திரெண்டலன்பேர்க் 1895இல் இதை விளக்கியபின், ஒற்றைக் காலில் நிற்கச் செய்து பார்ப்பது வைத்தியர் கையாளும் சோதனையாயிற்று. வீட்டில் முதியவர் ஒருவரின் நடை இவ்வாறு மாறினால், வயதின் கோலமென்று வாளாவிருத்தல் தகாது.

பிட்டத்தில் ஊசி ஏற்றுவோர் அதன் மேற்புற வெளிப்பகுதியை நாடுவதன் காரணமும் இங்கேதான் விளங்கும். பெரும்பிட்டத் தசையின் அடியில், கீழ்ப்பாதி வழியே, சியாற்றிக் என்னும் பெருநரம்பு இறங்குகின்றது. ஊசி அதனைத் தாக்கினால் பாதம் தூக்க மாட்டாமல் தொங்கிப்போதலும் உண்டு. பெயரைத் தவறவிட்ட மாணவன் இழப்பது சில புள்ளிகளே; இடத்தைத் தவறவிட்டாலோ இழப்பவர் நோயாளி.

அப்பெரும்பிட்டத் தசை சமதரையில் நடக்கும்போது அதிகம் உழைப்பதில்லை. படியேறும்போதும் கதிரையைவிட்டு எழும்போதும் கைவைத்துப் பார்த்தால் கல்லாய் இறுகியிருக்கும். கூடவே தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசையும் முழங்காலை நிமிர்த்தும். பாட்டி பாயைவிட்டு எழக் கை நீட்டுவது பெரும்பாலும் இவ்விரண்டும் மெலிந்தமையாலேயே.

சம்மணமிட்டு அமரும்போது காலை மடக்கி வெளிப்புறம் திருப்ப உதவுவது, இடுப்பின் முன்முனையிலிருந்து தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலின் உட்புறம் சேரும் தசை. உடம்பிலேயே மிக நீண்ட தசை அதுதான். அக்காலத் தையற்காரர் சம்மணமிட்டிருந்து தைத்தமையால், இலத்தீனில் அவர்கள் பெயரே அதற்கு வாய்த்தது. நமக்கோ பந்தியில் அமர்ந்தாலே பாடம் ஆகிவிடும்.

இனி மீனுக்கு வருவோம். கதிரையில் இருந்தபடி குதிகாலை உயர்த்துங்கள். முழங்கால் மடங்கியிருப்பதால் மேற்சதை தளர, சோலியஸே பெரும்பாலும் உழைக்கும். அது இறுகுந்தோறும் காலில் தேங்கும் இரத்தம் மேல்நோக்கிப் பிழிந்து தள்ளப்படுகின்றது. நெடுநாட் படுக்கையிலிருக்கும் நோயாளியிடம், பாதத்தை மேலும் கீழும் அசைக்கும்படி தாதிமார் ஓயாது சொல்வது, அங்கே இரத்தம் உறைந்துவிடாதிருத்தற்பொருட்டே.