ஊன் உணவும் உண்ணா நேரமும் உடற்பயிற்சியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

உணவைப் பற்றிப் பேசாத வீடு உண்டா? நோயைப் பற்றிப் பேசாத தெரு உண்டா? இவ்விரண்டும் இன்று ஒன்றாகவே பேசப்படுகின்றன. மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் காலையில் நடப்போரிடையேயும், தியாகராய நகரின் உடற்பயிற்சிக் கூடங்களிலும், அடையாற்றுத் தேநீர்க் கடைகளிலும் ஒரே அறிவுரை காதில் விழுகிறது: “சோற்றை விடு, கறியை மட்டும் உண், பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடு, மிச்ச நேரத்தில் எடை தூக்கு.” நம் வகுப்பு நண்பர்களிலும் சிலர் இதனைத் தொடங்கிவிட்டனர். இம்மூன்றும் சேர்ந்தால் உடலுக்குள் நடப்பது என்ன என்பதை, நாம் பாடத்தில் படிக்கும் உடலியலைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நோன்பும் ஊனும்

நோன்பு நமக்குப் புதியதன்று. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் உண்ணாதிருப்போர் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் இன்றும் உண்டு. சாந்தோமில் தவக்காலத்து வெள்ளிகளில் ஊன் தவிர்ப்போர் உண்டு. ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் ரமலான் மாதம் முழுதும் பகலில் நீரும் பருகாது இருந்து, மாலையில் நோன்புக் கஞ்சியோடு துறப்போர் உண்டு. முன் உண்டது செரித்ததை அறிந்த பின்னரே அடுத்த வேளை உண்ண வேண்டும் என்பதை வள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். ஆனால் இங்குள்ள விரதங்களில் பெரும்பாலானவை ஊனை விலக்குபவை. ஊனை மட்டுமே உண்டு நோன்பும் இருப்பது என்னும் இணைப்பு வெளியிலிருந்து வந்தது.

மாவுச்சத்தைக் குறைத்து மெலியும் முறையை 1863-ஆம் ஆண்டிலேயே வில்லியம் பான்டிங் என்னும் இலண்டன்காரர் சிறு நூலாக எழுதிப் புகழ் பெற்றார். தமிழில் இவ்வழியைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் நியாண்டர் செல்வன். ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்னும் முகநூல் குழுவும், ‘பேலியோ டயட்’ என்னும் அவரது நூலும் பல்லாயிரம் தமிழரை எட்டின. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பேலியோ முறையில் இறைச்சியோடு முட்டை, வெண்ணெய், நெய், பனீர், பாதாம், கீரை, காய்கறி ஆகியவையும் இடம் பெறுகின்றன. கறியைத் தவிர வேறெதுவும் கூடாது என்பது அதனினும் கடுமையான வேறொரு முறை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே குழப்பம் தொடங்குகிறது.

உண்ணாதபோது உடல் என்ன செய்கிறது?

நாம் உண்ணும் சோறு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த குளுக்கோசு கிளைக்கோஜனாகி, கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் சேமிக்கப்படுகிறது. இரவு உண்டு முடித்துப் பல மணி நேரம் சென்றால் கல்லீரலின் கையிருப்பு குறைகிறது, இன்சுலின் தாழ்கிறது, கொழுப்புத் திசுக்கள் தம் சேமிப்பை விடுவிக்கின்றன. அக்கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன்களை ஆக்குகிறது. நாளடைவில் மூளையும் அவற்றை எரிபொருளாக ஏற்கப் பழகுகிறது. ஆனால் இரத்தச் சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்டிரியா இல்லை. அவற்றுக்கு எப்போதும் குளுக்கோசே வேண்டும். மாவுச்சத்தை அறவே நிறுத்தினாலும் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோசைத் தயாரித்துக்கொள்கிறது. ஆகவே, சோறில்லாமல் உயிர் வாழ முடியாது என்பது தவறு. அதனால் சோற்றை முற்றும் விட்டால்தான் நலம் என்பது பெறப்படுமா? அது வேறு கேள்வி.

பட்டினியைப் பற்றிப் பேசுவோர் 2016-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமியைச் சான்றுக்கு இழுப்பர். செல் தன் பழுதுபட்ட பாகங்களைத் தானே செரித்துப் புதுப்பிக்கும் செயலின் வழிமுறையை அவர் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். அதனை வைத்துக்கொண்டு, ‘மனிதன் பதினாறாம் மணி நேரத்தில் தூய்மையாகிறான்’ என்று கடிகாரம் காட்டுவது அவர் கூறாத ஒன்று.

நேரக் கட்டுப்பாட்டினால் எடை குறையுமா? சீனாவின் குவாங்சோ நகரில் உடற்பருமன் உடைய 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. எல்லோருக்கும் கலோரி குறைக்கப்பட்டது. ஒரு பகுதியினர் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் உண்டு முடித்தனர். அவர்கள் சராசரியாக 8.0 கிலோ இழந்தனர், மற்றவர்கள் 6.3 கிலோ இழந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று என்று ஆய்வாளர் முடிவு கூறினர். எடையைக் குறைத்தது உணவின் அளவே. நேரக் கட்டுப்பாடு அளவைக் குறைக்கச் சிலருக்கு உதவும். அதற்கு மேல் மந்திரம் அதில் இல்லை.

பனிநாட்டு ஊனும் பட்டணத்து ஆடும்

ஊன் மட்டும் உண்டு வாழலாமா என்பதற்கும் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. வட துருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த வில்யால்மர் ஸ்டெஃபான்சனும் அவருடைய தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் 1928-ஆம் ஆண்டு நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் தம்மை மருத்துவர்களிடம் ஒப்படைத்து, ஓராண்டுக் காலம் இறைச்சியை மட்டுமே உண்டனர். இருவரும் நலமாகவே இருந்தனர். சொறிகரப்பான் என்னும் ஸ்கர்வி நோயும் வரவில்லை. கால்சியம் மட்டும் மிகக் குறைவாகவே கிடைத்தது. இச்சோதனைக்குப் பொருளுதவி செய்தவர்களுள் அமெரிக்க இறைச்சி வணிகர்களின் அமைப்பும் ஒன்று என்பதையும், உண்டவர் இருவரே என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

இச்சோதனையில் நமக்கு மிகப் பயன்படும் செய்தி வேறொன்று. தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்தனர். இரண்டு மூன்று நாட்களிலேயே அவருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்புள்ள இறைச்சியைச் சேர்த்ததும் அவர் தேறினார். அவர்கள் உண்ட உணவில் கலோரியின் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்தே வந்தது. ஏன் இப்படி? புரதத்தை எரிக்கும்போது வெளிப்படும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்து கூறிய யூரியா சுழற்சியை நாம் மனப்பாடம் செய்கிறோம் அல்லவா? அச்சுழற்சியின் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கலோரியில் ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்கு மேல் புரதமாகவே உண்டால் உடல் தாங்காது. மெலிந்த முயல்களை மட்டும் தின்று நோயுற்ற துருவப் பயணிகள் இதனை ‘முயல் பட்டினி’ என்றனர்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் ‘மட்டன்’ என்ற பெயரில் வெள்ளாட்டுக் கறியும் விற்கப்படுகிறது. கொழுப்பு குறைந்த வெள்ளாட்டுக் கறி 100 கிராமில் ஏறத்தாழ 118 கலோரியும் 21 கிராம் புரதமும் உண்டு. ஓர் இளைஞனுக்கு நாளொன்றுக்கு 2,360 கலோரி வேண்டுமெனக் கொண்டால் அவன் 2 கிலோ கறி உண்ண வேண்டும். அதில் உள்ள புரதம் 420 கிராமுக்கு மேல். அதாவது கலோரியில் 70 விழுக்காட்டுக்கும் மேல்! இது எல்லையைப் போல் இரு மடங்கு. பனிநாட்டுக் கடல்நாயின் கொழுப்பு நம் ஆட்டில் இல்லை. தோல் நீக்கிய கோழியின் நெஞ்சுக் கறியிலோ கொழுப்பு இன்னும் குறைவு. ஆகவே இங்கே இம்முறையைப் பின்பற்றுபவன் நெய்யையும் வெண்ணெயையும் அள்ளிச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் நிறைகொழுப்பு மிகுந்து, பலருக்கு இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் தீய கொலஸ்டிரால் ஏறும். மேனாட்டாரைவிட இளவயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் நமக்கு இது விளையாட்டன்று. மேலும் நாம் கறியைக் குழைய வேகவைத்து உண்பவர்கள். ஊனில் உள்ள சிறிதளவு வைட்டமின் சி அதில் அழியும். நார்ச்சத்து ஊனில் அறவே இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கிலோ 800 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1,600 ரூபாய். உதவித்தொகையை எதிர்பார்த்து விடுதியில் வாழும் நமக்கு அது எத்தனை நாள் சாப்பாட்டுச் செலவு என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஒரு சான்று

உண்ணாநேரம், மீன், கடும் உழைப்பு ஆகிய மூன்றும் இயல்பாகச் சேர்ந்த வாழ்க்கை நம் நகரத்திலேயே உண்டு. நான் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். எங்கள் குப்பத்து ஆண்கள் விடியுமுன் மூன்று மணிக்குப் பாலில்லாத் தேநீரோடு கடலுக்குப் போவார்கள். வலையைக் கழற்றி மீனை விற்றுவிட்டு முதல் வேளை உண்ணும்போது பத்து, பதினொன்று ஆகிவிடும். கட்டுமரம் வலித்த என் பாட்டனாரின் தோள்களை எந்த உடற்பயிற்சிக் கூடமும் தந்திராது. ஆனால் அவர் மீனை மட்டும் உண்டவரல்லர். கேழ்வரகுக் கூழோடு உண்டார்.

என் தந்தையார் காலத்தில் படகுக்கு இயந்திரம் வந்தது. கூழுக்குப் பதில் வெள்ளைச் சோறு வந்தது. சர்க்கரை நோயும் வந்தது. எங்கள் வீடு மட்டுமன்று. கோபாலபுரத்தில் உள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையவர் என்று மதிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர்.

சென்ற ஆண்டு, உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் என் சித்தப்பா மகன், தந்தையாரைக் கறியும் பட்டினியுமாக இருக்கச் சொன்னான். அவனது அக்கறையில் குறையில்லை. ஆனால் தந்தையார் உட்கொண்டது கிளிமெபிரைடு மாத்திரை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வயிற்றில் உணவில்லாதபோதும் அது தன் வேலையைச் செய்யும். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நடுக்கடலில் மயங்கினால் யார் தூக்குவது? எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான் வகை மாத்திரை உண்போர் மாவுச்சத்தை அறவே நிறுத்திப் பட்டினியும் கிடந்தால், சர்க்கரை அளவு பெரிதும் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. நானும் தம்பியுமாக அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் பட்டினி வேண்டாம் என்றார். சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தில் மீன், கீரை, பயறு சேர்க்கச் சொன்னார். மாத்திரையின் அளவையும் மாற்றித் தந்தார். தந்தையார் இன்றும் கடலுக்குப் போகிறார்.

மேற்கூறிய ஆய்வுக் குழுவினர் 2025-இல் வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்துப்போகிறது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் சிறு பங்கைப் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதமாக மாற்றினால் நோய் வாய்ப்புக் குறையும் என்கின்றனர். ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியால் அப்பயன் காணப்படவில்லை.

மூன்றில் ஐயமற்றது

ஊன், பட்டினி, உடற்பயிற்சி ஆகிய மூன்றில் விவாதத்துக்கு இடமின்றி நன்மை தருவது மூன்றாவதே. தசை சுருங்கும்போது இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடையும், இரண்டு நாள் தண்டால், பஸ்கி போன்ற தசைப் பயிற்சியும் போதும். மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் நடக்கக் கட்டணம் இல்லை.

புரதத்துக்கும் பெருஞ்செலவு வேண்டா. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 60 கிலோ எடையுள்ள மாணவனுக்கு 50 கிராம். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 18, ஐம்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 9, ஒரு கிண்ணம் தயிரில் 6, ஆக 45. மீதியைச் சோறும் இட்லியுமே தந்துவிடும். எடை தூக்குவோர்க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதற்கும் இன்னும் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பயறும் உண்டு. வஞ்சிரம் வாங்க முடியாவிட்டால் மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. முள்ளோடு உண்ணும் நெத்திலி, ஸ்டெஃபான்சனுக்குக் கிடைக்காத கால்சியத்தையும் தரும்.

நண்பர்களே! இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, இடையில் கொறிக்காமல் காலை எட்டு மணிக்கு உண்பதே பன்னிரண்டு மணி நேர நோன்பு. அதற்கு மேல் செல்ல விரும்புவோர், மாத்திரை உண்போராயின் மருத்துவரைக் கேளாமல் செல்லாதீர்கள். சிறுநீரகக் குறையுள்ளோர், கருவுற்றோர், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு ஊன் மட்டும் உண்ணும் முறை ஆகாது. செங்கல்பட்டிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் விடியற்காலை இரயிலைப் பிடிக்கக் காலை உணவைத் துறந்து வரும் நம் தோழர்களின் பசியை ‘உண்ணாநோன்பு’ என்று புகழவும் வேண்டா. அவர்களுக்கு வேண்டியது ஒரு வேளை உணவு. வகுப்பில் கற்கும் உடலியல் தேர்வுத் தாளோடு முடிந்துவிடாமல் நம் வீட்டுத் தட்டுவரை வரட்டும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு அது கடமையும் ஆகும்.