ஆகஸ்ட் 10 ஏன் கறுப்பு நாள்?

மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரியவர்களின் பிள்ளைகள் நாங்கள். பள்ளியில் எங்களுக்குக் கடைசி வரிசை. தண்ணீரைக் கையில்தான் ஊற்றுவார்கள். கோவிலிலும் எங்கள் இடம் தனிதான், இதை மறைத்து என்ன பயன்?

ஆனால் அரசின் ஏட்டில் நாங்கள் பட்டியல் சாதியினர் அல்லர். 1950 ஆகஸ்ட் 10-இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை அந்த உரிமையை இந்துக்களுக்கு மட்டுமே தந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நாங்கள் இன்னும் வெளியே. மதம் பாராமல் வழங்கலாம் என 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் பயனில்லை.

எங்கள் தெருவில் அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர். சாதி சொல்லி இருவரையும் அடித்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கு மட்டுமே துணை நிற்கும்.